வலப்பக்கத்து நாற்காலி

குக்கரில் சோறு வெந்து பொத்தான் மேலே துள்ளிய நேரத்தில்தான் மாமாவின் போன் வந்தது. லினாவா இரண்டு தட்டையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கருவாட்டில் அவளுக்குத் தலைப்பக்கம், எனக்கு வால்பக்கம். கேசோன் சிட்டியின் இந்த விடுதி அறைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பங்கீட்டில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை.

"டோமிங்கை வெட்டிக் கொன்னுட்டாங்க, ஜோவெலின்," என்றார் மாமா. எடுத்த எடுப்பில் அவ்வளவுதான். சந்தையில் ஜீப்னி வண்டியை நிறுத்துவதில் ஏதோ வாய்ச்சண்டையாம். வெட்டியவன் டல்லாயன் ஊர்க்காரன். டோமிங் என் பெரியப்பா மகன். நான் மணிலாவுக்குக் கிளம்பிய அன்று, "தூதரம்மா, ஏறுங்க" என்று தன் ஜீப்னியின் முன்சீட்டைத் துடைத்து உட்கார வைத்துக் கூட்டிப் போனவன். வழி நெடுக அந்தக் கிண்டல்தான்.

"பொடோங் அறுந்துபோச்சு. பெரியவங்க ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. டல்லாயன் பொண்ணு ஒண்ணு உன்கூடத்தான் தங்கியிருக்காமே? இனி அவ கையால பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது. நீயும் குடுக்கக் கூடாது. காதுல விழுதா?"

விழுந்தது. மணிலாவுக்கு வடக்கே, எங்கள் கலிங்கா மலையில் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் உள்ள சமாதானம்தான் பொடோங். பொடோங் இருக்கிறவரை டல்லாயன்காரன் எங்கள் ஊரில் விருந்தாளி, நாங்கள் அவர்கள் ஊரில் விருந்தாளி. அறுந்துவிட்டால், அதைத் திரும்பக் கட்டுகிறவரை ஒரே பானையில் உண்ணக் கூடாது, ஒருவர் கொடுத்ததை ஒருவர் குடிக்கக் கூடாது. மீறிக் குடித்தால் செத்தவனை விற்றுத் தின்ற மாதிரி. சட்டப் படிப்பு படித்தவள்தான் நான். ஆனாலும் அதைக் கேட்டதும் குக்கர் மேல் இருந்த கையை எடுத்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் லினாவாவும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தட்டு இரண்டும் மறு கையில். என் தட்டை மட்டும் என் கட்டில் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். சோற்றை யாரும் தொடவில்லை.

பக்கத்து அறை நோர்ஹயா உப்பு கேட்டு வந்தாள். தெற்கே மராவி ஊர், மரனாவ் இனத்து முஸ்லிம் பெண். "என்னடி, ஆளுக்கொரு மூலையில? கருவாட்டுத் தலைக்கா சண்டை?" என்றவள், விஷயத்தைச் சொன்னதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் சரிந்தாள். "எங்க ஊர்லயும் இதேதான். பேருதான் வேற." குக்கர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "அப்போ நாளைக்கு விருந்து?"

அதுதானே. நாளை மதியம் மாதிரி விருந்து. தூதர்கள் விருந்தில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நாங்கள் நடந்துகாட்ட வேண்டும், அதற்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறினால்தான் வெளியுறவுப் பணித் தேர்வு முடிகிறவரை விடுதியில் இடம், சாப்பாடு, பயிற்சி. தேறாதவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான் ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் மண்ணைக் கவ்வியவள். மூன்றாவது தடவையும் போனால், ஊரில் பள்ளிக்கூட வேலைக்குக்கூட வயது தாண்டிவிடும்.

இந்தப் பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. வாசலில் பெரிய பேனர்: பல பின்னணிகளைச் சேர்ந்த இளம் பெண்களை உலக மேடைக்குத் தயார் செய்கிறோம். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அந்தப் பல பின்னணி நாங்கள்தான். லினாவாவும் நானும் நெய்த பாவாடையும் மணிமாலையும் மாட்டிக்கொண்டு நிற்போம். நோர்ஹயா, சண்டையில் தன் வீடு எரிந்த கதையைச் சொல்வாள். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. "என் வீடு இதோட எத்தனை தடவைடி எரியும்?" என்று அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் இருக்கைப் படத்தை ஒட்டியிருந்தார்கள். விருந்து கொடுக்கும் தூதர்: லினாவா. அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலியில், முதல் விருந்தினர்: நான். சாப்பாடு முடிந்ததும் அவள் எழுந்து என்னை வாழ்த்திக் கோப்பையை உயர்த்த வேண்டும். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் குடிக்க வேண்டும். படம் எடுத்து அன்றைக்கே நிலையத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். அதை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்கள் மட்டும்தான்.

நேராகப் போய் மேடம் பெலார்மினோவிடம் சொன்னேன். மூன்று நாடுகளில் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர்; விருந்துக்கு மதிப்பெண் போடுகிறவரும் அவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்கவில்லை என்று நான் பழி சொல்லமாட்டேன்.

"உன் அண்ணனுக்கு நடந்தது ரொம்பக் கொடுமைம்மா," என்றார். "ஆனா நாற்காலியை மாத்தமாட்டேன். எதிரி நாட்டுக்காரன் பக்கத்துல உக்கார வெச்சா, அங்கயும் போய் இப்படித்தான் நிப்பியா? நம்ம நாட்டுத் தீவைப் பிடிச்சு வெச்சிருந்தவங்களோட நான் விருந்து சாப்பிட்டிருக்கேன். சிரிச்சுக்கிட்டே. உன்கிட்ட பெருசா என்ன கேக்கறேன்? ஒரு வாய் திராட்சை ஜூஸ்."

"அந்த ஒரு வாய்தான் மேடம் பிரச்சினையே."

"அப்ப முடிவு உன்னோடது," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் சொன்னது தப்பென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்றே நினைவில்லை. கத்தியையும் முள்கரண்டியையும் முறைப்படி வெளிவரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அளைந்தேன், அவ்வளவுதான். ரொட்டிக் கூடை இடமிருந்து வலமாகக் கைமாறி வந்தபோது, லினாவா அதை என்னிடம் நீட்டாமல் எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் வைத்தாள். மதிப்பெண்ணைக் குறைக்க மேடம் பேனாவை எடுத்தார். நான் ரொட்டியைத் தொடவில்லை. மனசுக்குள் ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டில் வைத்துக் குடித்த மாதிரி பாவனை செய்யலாமா? உதட்டில் வைத்தாலும் படம் படம்தான். டோமிங்கை இன்னும் அடக்கம்கூடப் பண்ணவில்லை. குடிக்காமல் வைத்தால் நாளைக்கே பஸ் ஏற வேண்டும். குடி, குடிக்காதே, குடி.

லினாவா எழுந்தாள். எல்லோரும் எழுந்தோம். படம் எடுக்கிறவர் முன்னால் வந்து குனிந்தார். அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. இரு நாட்டு நட்பு, மலைகள், ஆறுகள், எல்லாம் எழுதிக் கொடுத்தபடி. எங்கள் எல்லோரிலும் நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். கோப்பையை உயர்த்துகிற இடம் வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பையை மெல்லக் கவிழ்த்தாற்போல் சாய்த்து, சாறு முழுவதையும் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளையில் ஊற்றினாள்.

"மன்னிச்சிருங்க மேடம். என் வீட்டுத் தண்ணியை ஒருத்தருக்குக் குடுக்கற நிலையில இன்னிக்கு நான் இல்ல. விருந்தாளி மேல தப்பில்ல. கூப்பிட்டவ மேலதான்."

நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள். விருந்து கொடுப்பவரே எழுந்து போய்விட்டால் விருந்தினருக்கு மதிப்பெண் எங்கே குறையும்? நான் தேறிவிட்டேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கங்கெட்ட நிம்மதி. அப்புறம்தான் அழுகை வந்தது.

அறைக்குப் போனபோது அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பாசிக் சிட்டியில் கட்டட வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்த விடுதி தெரியும் என்று மாமா காலையிலேயே சொல்லியிருந்தார். டோமிங்கோடு வளர்ந்தவர்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கக்கூட விரும்பவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன்.

"அவளை நான் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தறேன். ஏறுற வரைக்கும் அவ மேல ஒருத்தன் கை வெக்கக் கூடாது. என் பேரைச் சொல்லுங்க."

பொடோங் அறுந்தாலும், நம் பக்கம் இருக்கிற அந்த ஊர்க்காரரைப் பத்திரமாக எல்லை தாண்டி விட வேண்டும். அது மாமாவுக்கும் தெரியும். "உன் பேரா?" என்றார். "பொம்பளப் புள்ள பேரை யாரு மதிப்பான்?" அப்புறம் பெருமூச்சு விட்டார். "சரி. நான் சொல்றேன். அவகூட வாயைத் திறக்காத."

குபாவோ பஸ் நிலையம்வரை நான் முன்னால் நடந்தேன். லினாவா பின்னால். நடுவில் நோர்ஹயா, பெட்டியை இழுத்துக்கொண்டு. "நான் என்ன ஐ.நா. சபையாடி?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். எதிரே கட்டட வேலை ஹெல்மெட் போட்ட ஆள் யார் வந்தாலும் நான் லினாவாவை மறைத்துக்கொண்டு நடந்தேன். ஒருவரும் எங்களை நிறுத்தவில்லை. வெயில் சாய்ந்தும் புழுக்கம் போகவில்லை. லினாவா மதியம் சாப்பிடவில்லை. நேற்றும் சாப்பிடவில்லை. திரும்பிப் பார்க்காமலேயே அது எனக்குத் தெரிந்தது.

எங்கள் மலைப்பக்கம் போகும் தபுக் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி நோர்ஹயாவின் கையில் திணித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், லினாவா ஏறி உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கீழே போய் நீட்டினாள்.

லினாவா வாங்கிக்கொண்டாள். "இது யாரு வாங்கினது?"

"நான்தான்," என்றாள் நோர்ஹயா.

லினாவா அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பவில்லை. பஸ் பின்னுக்கு நகர்ந்து, வளைந்து, நெடுஞ்சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பியது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். மூடியின் மேல் ஒரு கை இருந்தது. திருகுகிறாளா, அழுத்திப் பிடித்திருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நான் பஸ்ஸின் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் ஓடினேன்.