அத்திப்பழப் பாகும் தயாவதியின் உபவாசமும்

"தெரிஞ்சேதானமா குடுத்த? தேனு! தேனும் அத்தியும்! எங்க வூட்டுப் பொம்பளை வயித்துல இதைப் போய்க் கொட்டியிருக்கியே!"

கௌசல்யாவின் குரல் ஒலிமுகமதுபேட்டையின் அந்தக் கடைசித் தெருவில் விசைத்தறிச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அடியில் அத்திப்பழத்தின் பொடி விதைகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கொலைக்கத்தியைக் கண்டெடுத்தவள் மாதிரி அதைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா," என்றாள் ஜீனத், ஈரக்கையோடு வாசலில் நின்று.

"எதுக்கு மெதுவா? நாங்க ஜைனருங்க, தேன் தொட மாட்டோம்னு தெரியாதா உனக்கு? ஒரு சொட்டுத் தேன்ல எத்தினி உசுரு! அத்திப்பழத்தை உடைச்சா உள்ள எவ்ளோ பூச்சி! பத்து வருசமா எதுத்த வூட்ல இருந்துக்கினு இதுகூடத் தெரியலன்னா எப்டிமா?"

கௌசல்யாவின் முதுகுக்குப் பின்னால் தம்பி பெண்டாட்டி தயாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், அழுகிறாள் என்று தெரு உச்சுக்கொட்டியது. அழுகையாவது ஒன்றாவது. வாயைத் திறந்தால் உண்மை விழுந்துவிடும், அதுதான் விஷயம்.

நடந்தது இது. ஜீனத் வீட்டிலேயே சீஸ் செய்து விற்கிறவள். பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரித்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, இறுகுவதற்கு முன்பே எடுத்துவிடுவாள். இட்லியைவிட மெத்தென்று இருக்கும். கூடவே அத்திப்பழத்தைத் தேனில் பட்டை போட்டு வேகவைத்த பாகு. வெள்ளைச் சீஸின் மேல் அந்தப் பாகை ஊற்றினால், வெள்ளை உடலுக்கு அரக்குக் கரை போட்ட புடவை மாதிரி வழியும்.

முதல் தடவையே ஜீனத் சொல்லித்தான் கொடுத்தாள். "அக்கா, சீஸ் மட்டும் எடுத்துக்குங்க. பாகுல தேன் இருக்குது, அத்தி இருக்குது. உங்களுக்கு ஆவாது."

"வாசனை மட்டும் பாக்கறேன்பா," என்றாள் தயாவதி. வாசனையை மூக்கால் பார்க்கிறவர்கள் உண்டு. இவள் கரண்டியால் பார்த்தாள். அப்புறம் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வாசனை போடு," என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜீனத்துக்குப் புரையேறிப்போனது. அன்றிலிருந்து, புருஷன் ஜெயகுமார் கடைக்கும், நாத்தனார் கோயிலுக்கும் போன நேரமாகப் பார்த்து, கிண்ணம் தெருவைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

நேற்று தயாவதி கிண்ணத்தைக் கழுவ மறந்தாள். கௌசல்யா கண்ணில் பட்டது. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட கௌசல்யாவுக்குப் பிறத்தியார் பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பது ஒரு விரதம் மாதிரி. "என்னாது இது?" என்று கேட்டதும் தயாவதியின் வாய் தானாகச் சொன்னது: "எனக்கு என்னா தெரியும்? ஜீனத் குடுத்தா, சாப்ட்டேன்."

தேன் தின்றது ஒரு பாவம் என்றால், இது அதற்கு மேல் ஊற்றிய பாகு.

இப்போது வாசலில் ஜீனத் கௌசல்யாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தயாவதியைப் பார்த்தாள். ஜீனத் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி கை மாறியிருக்கும். தயாவதி தரையைப் பார்த்தாள்.

"என் தப்புதான்கா," என்றாள் ஜீனத். "சொல்ல மறந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு தெரு ஜீனத்திடம் சீஸ் வாங்குவதை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் வாங்குகிற வீடுகள்கூட, "சொல்லாம எதையாவது கலந்துடுவாபா," என்று பின்வாங்கின. முசரவாக்கத்தில் ஒரு ஜைனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லி வைத்திருந்த பெரிய ஆர்டரைக் கௌசல்யாவே போன் போட்டு நிறுத்தினாள். புண்ணிய காரியம் அல்லவா.

தயாவதிக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? மரியாதை. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் பூஜை செய்கிற உபாத்தியாயர், "அறியாமல் செய்ததுக்கு ஒரு நாள் உபவாசம் போதும்," என்றார். தயாவதி, "மூணு நாள் இருக்கறேன்," என்றாள். வெந்நீர் தவிர வேறொன்றும் தொடவில்லை. கூரத்திலிருந்தும் தென்னேரியிலிருந்தும் உறவுக்காரப் பெண்கள் பார்க்க வந்தார்கள். சின்னவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு தலை குனியும்போதும் தயாவதி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கும், "எவ்ளோ அடக்கம் பாரு," என்றார்கள். இதில் வயிறு வேறு, பசித்தபோதெல்லாம் சோற்றை நினைக்காமல் அந்த அரக்குப் பாகையே நினைத்துத் தொலைத்தது.

பாரணை அன்று, உபவாசம் முடிக்கக் கஞ்சித் தம்ளரைக் கௌசல்யா நீட்டினபோது, தயாவதியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஜீனத் மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி. தேனுன்னு சொல்லித்தான் குடுத்தா. நாந்தான் கேட்டு வாங்கித் துன்னேன். ஒரு தபா இல்ல, பல தபா."

கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? அந்தப் பொண்ணு பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கறா. இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, நெஜமாத்தான் அண்ணி!"

"குடி தயா, குடி. பசி மயக்கத்துல பேசறா," என்றான் ஜெயகுமார்.

அன்று சாயங்காலமே தயாவதி தெருவைத் தாண்டிப் போய் ஜீனத் வீட்டுக் கதவைத் தட்டினாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றே இருட்டுவதற்கு முன்பே போனாள்.

"சொல்லிட்டேன் ஜீனத். யாரும் நம்பல."

ஜீனத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "அன்னிக்கு என் வாசல்ல நின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கக்கா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தயாவதி அன்றிரவு தூங்கியிருப்பாள்.

அடுத்த ரம்ஜானுக்குள் ஜீனத் குடும்பம் ஆற்காட்டுக்குப் போய்விட்டது. அவள் புருஷன் சனாவுல்லா ஜரிகை வியாபாரத்தை விட்டு அண்ணன் கடையில் சேர்ந்துகொண்டான். சீஸ் அங்கே நன்றாகவே போகிறதாம். கௌசல்யா மகள் பிரவீனா பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, அம்மாவையும் அழைத்துக்கொண்டாள். அங்கே யார் வீட்டுக் கிண்ணத்தை முகர்கிறாளோ.

தயாவதிக்கு மட்டும் மாதம் ஒருமுறை கண் மங்குகிறது. கண் டாக்டர் ஆற்காட்டில்தான் இருக்கிறாராம். ஜீனத் உட்காரவைத்து, தட்டில் சீஸ் வைத்து, வெல்லத்தில் வேகவைத்த கொய்யாப் பாகை ஊற்றிக் கொடுக்கிறாள். தேன் இல்லை, அத்தி இல்லை, பாவமும் இல்லை. தயாவதி வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறாள். பழைய பாகு எங்கே என்று கேட்க இன்றுவரை அவளுக்கு வாய் வரவில்லை.