திறந்துவைத்த சாய்தளம்

அவரை எல்லோரும் ‘பிரஸ்’ என்றே கூப்பிட்டார்கள். பத்திரிகையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் பெயர் அவரை விடவில்லை. இளம் நிருபராக இருந்தபோது, கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போகாமலே கூட்டத்தைப் பற்றி எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். பிறகு ஒரு சாயத் தொழிற்சாலையில் மக்கள் தொடர்பு அதிகாரியானார். அங்கே, போகாமல் எழுதுகிற நிருபர்களுக்குத் தோதாக, எதுவும் நடப்பதற்கு முன்பே செய்தி தயாரித்து அனுப்பினார். தொழிற்சாலைக்குப் பின்னால் கால்வாய் நீலமாக ஓடியபோது, அது வானத்தின் பிரதிபலிப்பு என்று நான்கு வரி எழுதிப் பதவி உயர்வு வாங்கினார். ஓய்வுபெற்றதும் சேவைச் சங்கத்தில் சேர்ந்து செயலாளரானார். மனசாட்சி உறுத்தியதால் வந்ததாக மேடையில் சொல்வார். வீட்டில் பொழுது போகாததால்தான் என்பது மனைவியின் கட்சி. அடுத்த தலைவர் அவர்தான் என்று சங்கத்தில் பேச்சு இருந்தது. அவர் காதுபடவே பேசினார்கள்; அவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவருடைய அக்கா அவர் வீட்டிலேயே இருந்தாள். சர்க்கரை நோய், சக்கர நாற்காலி, இடது பாதத்தில் ஆறாத புண். அரசு மருத்துவமனை வாசலில் படிகள் மட்டுமே இருந்தன. போன தடவை ஊழியர்கள் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒருவர் நடுப்படியில் கைப்பேசியை எடுத்து ‘ஹலோ’ என்றார். நாற்காலி சாய்ந்தது. விழவில்லை என்பது அதிர்ஷ்டம்.

“மூட்டையாட்டம் தூக்கற வேலையெல்லாம் இனிமே வேணாம்டா,” என்றாள் அக்கா. “சாய்தளம் வரட்டும், நானும் வர்றேன். அதுவரைக்கும் கால் என்ன ஆனாலும் ஆகட்டும்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். பிரஸ் சங்கத்தில் பேசி, மருத்துவமனைக்கு ஒரு இரும்புச் சாய்தளம் தருவதாக முடிவெடுக்க வைத்தார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. சாய்தளத்தை ஏற்றிவந்த பட்டறைக்காரரின் வண்டி வருவதற்கு முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது. அதில் தலைவருடைய பெயருக்கு மேலே பொருளாளரின் பெயர் இருந்தது. இருவரும் கைகலக்காத குறை. விழா ரத்து, வண்டியும் பாதி வழியில் திரும்பிப் போனது.

ஆனால் பிரஸ் எழுதிய செய்தி முந்தின நாளே பத்திரிகைக்குப் போய்விட்டிருந்தது. கைப்பழக்கம்.

மறுநாள் அக்கா செய்தித்தாளை விரித்து உரக்கப் படித்தாள். “‘சக்கர நாற்காலியில் வந்த மூதாட்டி ஒருவர் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்.’ யாருடா இந்த மூதாட்டி?”

“சும்மா, பொதுவா ஒருத்தங்க.”

“நேத்து நான் வாசப்படியே தாண்டலை. எப்படா அழுதேன்?”

“அழுதாத்தான்க்கா போடுவாங்க.”

படம்கூட இருந்தது. ஏதோ வங்கியின் சாய்தளம். பத்திரிகைக்காரர்கள் பழைய படங்களிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள்.

சங்கம் கைவிட்டாலும் அரசின் கட்டடப் பிரிவு இருக்கிறதே என்று பிரஸ் அங்கே போனார். அந்த மாதம் சாய்தளம் அமைக்கப்போகும் இடங்களில் இந்த மருத்துவமனையும் இருந்தது. இருந்தது என்பதுதான் சரி. அதிகாரி மேஜைமேல் கிடந்த செய்தித்தாளைத் தட்டிக் காட்டினார்.

“அதான் வந்துடுச்சே சார். வேற இடத்துக்கு மாத்திட்டோம்.”

“வரலைங்க. நேர்ல வந்து பாருங்க.”

“நான் பாத்து என்ன பண்றது? மேல இருக்கறவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க. இருக்கற எடத்துலயே இன்னொண்ணு போட்டா என் தலை உருளும்.”

அங்கிருந்து பத்திரிகை அலுவலகம். செய்தி ஆசிரியர் ஒரு காலத்தில் பிரஸ்ஸோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்.

“ஒரு திருத்தம் போடணும்ப்பா.”

“போட்டா, யாரு போய்ப் பாத்து எழுதினதுன்னு கேப்பாங்களேண்ணே.”

“யாரும் போகலைன்னு எனக்கே தெரியுமே.”

“நமக்குள்ள தெரிஞ்சா தப்பில்லண்ணே. டீ சொல்லட்டுமா?”

வீட்டுக்கு வந்தால் அறையில் புண்ணின் வாடை. மனைவி ஈரத்துணியோடு நின்றாள். “அண்ணிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. தூக்கிட்டுப் போலாம்னா கட்டிலைப் புடிச்சுக்கிறாங்க. நீங்க சேவை பண்ணது போதும், உருப்படியா ஏதாவது வேலை பாருங்க.”

பிரஸ் மறுபடி கட்டடப் பிரிவுக்குப் போனார். இந்த முறை நியாயம் கேட்கவில்லை. பழைய உத்தியோகத்தின் மூளையைக் கூட்டிக்கொண்டு போனார்.

“சரிங்க, இருக்குன்னே வச்சுக்குவோம். இருக்கறது ரிப்பேராயிட்டா?”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரிப்பேர்னா அவசரப் பராமரிப்பு. என் கையெழுத்தே போதும். சொல்லப்போனா இன்னிக்கே ஆள் அனுப்பலாம். ஆனா, குடுத்த சங்கத்துலேருந்து எழுதித் தரணும்.”

பிரஸ் எழுதினார்: ‘மேற்படி சாய்தளம் தற்போது நோயாளிகள் பயன்படுத்தும் நிலையில் இல்லை.’ இத்தனை கலப்படமில்லாத உண்மையை அவர் அதுவரை எழுதியதில்லை. கையெழுத்திடும் முன் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“என்ன பிரஸ், வெளையாடறீங்களா? நம்ம சங்கம் குடுத்தது ஒரு வாரம்கூடத் தாங்கலைன்னு ஊரே சிரிக்கும்.”

“நாம குடுக்கவே இல்லையே தலைவரே.”

“அது வேற விஷயம். குடுத்தது நல்லா இருக்குன்னு பேரு இருக்குல்ல? எழுதிக் குடுத்தீங்கன்னா செயலாளர் பதவியும் கிடையாது, அடுத்த வருஷக் கனவும் கிடையாது. யோசிச்சுக்குங்க.”

பிரஸ் யோசித்தார். தலைவர் நாற்காலியின் உயரமான முதுகு ஞாபகத்துக்கு வந்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்த அக்காவின் விரல்களும் வந்தன. இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

பிற்பகலில் பராமரிப்பு ஆட்கள் இரும்புத் தகடுகளோடு மருத்துவமனை வாசலுக்கு வந்தார்கள். மேஸ்திரி படிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பழசு எங்க சார்? கழட்டணுமே.”

“முன்னாடியே எடுத்தாச்சு,” என்றார் பிரஸ்.

“சுத்தமா எடுத்திருக்கீங்க. ஒரு கீறல்கூட இல்ல,” என்று பாராட்டிவிட்டு மேஸ்திரி தகடுகளைப் பற்றவைக்க உட்கார்ந்தார்.

தகட்டின் சூடு ஆறியதும் பிரஸ் அக்காவை அழைத்து வந்தார். தள்ளும்போதுதான் தெரிந்தது, அக்காவின் கனமும் தன் வயதும். பாதியில் மூச்சு வாங்கியது.

“விட்டுடாதடா.”

“விடலை. கொஞ்சம் பேசாம வாக்கா.”

உள்ளே டாக்டர் கட்டைப் பிரித்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுவே பயமாக இருந்தது.

“பாதத்தைக் காப்பாத்திடலாம்மா. சுண்டுவிரல் கஷ்டம். முன்னாடியே வந்திருந்தா இதுவும் தப்பிச்சிருக்கும்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு விரல்தானே டாக்டர்,” என்றாள். “எடுத்துடுங்க.”

நர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகச் சுட்டது.

“இவன் இருக்கட்டும்மா,” என்றாள்.

அவர் இருந்தார்.