ஓட்டை இல்லாத குப்பைமேனி

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது என்று எங்கள் பேராசிரியர் குருநாதன் 2004 பிப்ரவரியில் தன்னிச்சையாக முடிவு செய்தார். செடி, குப்பைமேனி. பூனையைத் தவிர யாரும் மதிக்காத களை. அதைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் முனைவர் பட்டத்துக்கு மாரடித்த மடச்சி, பூமயிலாகிய நான்.

சோதனை இவ்வளவுதான்: புட்டியில் வளர்த்த புற்றுச் செல்களைச் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, இலைச்சாற்றை ஊற்றி, இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் கரைசலைச் சேர்க்க வேண்டும். செல் உயிரோடிருந்தால் மஞ்சள் ஊதாவாகும். செத்திருந்தால் மஞ்சளாகவே கிடக்கும். இரண்டரை வருடம் எனக்கு ஊதாவைத் தவிர எதுவும் வாய்க்கவில்லை. சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

இலையெல்லாம் புழு தின்ற ஓட்டை, அதில் சத்து எங்கே இருக்கும் என்று பேராசிரியர் பழியை இலைமேல் போட்டார். ராமநாதபுரத்திலிருந்து எங்கள் கிராமமான சிக்கலுக்கு, மிளகாய் விவசாயியான என்னைப் பெற்ற அய்யா சின்னக்கருப்பனுக்குப் போன் போட்டேன்.

"ஓட்டையே இல்லாத இலையா வேணும் அய்யா. கிடைக்குமா?"

"குப்பைமேனிதானத்தா? நானே வெதச்சுத் தாரேன்."

மிளகாய்க் கொல்லை ஓரமாகப் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, களையைப் பயிராக வளர்த்தார். ஊரே சிரித்தது. இரண்டு மாதத்தில் வந்த மூட்டையில் ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. அந்தச் சாற்றை ஊற்றினேன். அத்தனை குழியும் மஞ்சள். ஆய்வகத்திலேயே வெட்கமில்லாமல் ஒரு ஆட்டம் போட்டேன்.

பேராசிரியர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போட்டோ கொடுத்தார். ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை. வராவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவதாக அம்மா கெடு வைத்திருந்தாள்.

ஒரு சோதனை மட்டும் பாக்கி. நோயில்லாத நல்ல செல்லை இந்தச் சாறு விட்டுவைக்க வேண்டும். விட்டுவைக்கவில்லை. அதுவும் மஞ்சள். "அதை எழுதாதே," என்றார் பேராசிரியர். இலை வளர்ந்த இடத்தையே ஒரு நடை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறினேன்.

கொல்லையில் அய்யா முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு குப்பைமேனிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா! என்ன பண்றீக?"

"நீதான ஓட்டை இருக்கக் கூடாதுன்ன? மொளகாய்க்கு வாரத்துக்கு ஒருக்கா அடிக்கேன், இதுக்கு ரெண்டு வாட்டி. ஒரு புழு அண்டலையே!" முகமெல்லாம் பெருமை.

வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். கொன்றது குப்பைமேனி இல்லை, அவர் அடித்த பூச்சிமருந்து என்று சொன்னேன். புற்றுச் செல்லோடு நல்ல செல்லும் செத்ததைச் சொன்னேன்.

அய்யா பதறிப்போனார். "தப்புப் பண்ணிட்டனே தாயி. நான் வேணா உங்க சாரப் பாத்துச் சொல்லவா?" என்றவர், ஸ்பிரேயர் பட்டையைப் பிடித்தபடியே கேட்டார்.

"நல்ல செல்லுன்னா, மனுசனோடதா?"

"ஆமாய்யா."

"எம்புட்டு ஊத்துன?"

"ஒரு சொட்டுல நூத்துல ஒரு பங்கு."

அய்யா ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனார். இருபது வருடமாகப் பூச்சிமருந்தை வாளியில் கைவிட்டுத்தான் கலக்குகிறார். முழங்கை வரை ஈரம் காயாமல் இருந்தது. சோப்புப் போட்டார், மண் போட்டுத் தேய்த்தார், மறுபடி சோப்புப் போட்டார். "போதுமாத்தா?" என்று இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார். நான் தொட்டியிலிருந்து இன்னும் தண்ணீர் மொண்டு அந்தக் கைகளில் ஊற்றினேன். ஆய்வேடு, வேலை, மாப்பிள்ளை ஒன்றும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வேற யாருக்கும் தெரியாதுல்ல? அப்படியே சமர்ப்பிச்சிடு."

மேசையிலிருந்த ஆய்வேட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"எங்கய்யாவுக்குத் தெரியும் சார். சனிக்கிழமையிலருந்து கையக் கழுவிக்கிட்டே இருக்காரு."