ஊருக்கு அடிக்காத கொட்டு

பொங்கியண்ணன் வந்தால் நேராக விஷயத்துக்கு வரமாட்டார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமும் 'நம்மூர் விஷன்' அலுவலகத்தின் படியேறி வந்தவர், மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினார், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார், வாங்கிக் கொடுத்த டீயை ஆற அமரக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, தோப்பில் சில மரங்கள் இந்த வருஷம் சரியாகக் காய்க்கவில்லை என்றார்.

"ஒயரு கட்டுனதுனாலயான்னு எனக்குத் தெரியலீங்க தம்பி. ஊட்டுல பொம்பளைங்க அப்பிடிச் சொல்றாங்க. நா ஒண்ணுஞ் சொல்லலீங்க."

முதலாளி திருமூர்த்தியின் முகம் சுண்டிப்போனது. அடுத்த அறையில் டீவி முன்னால் உட்கார்ந்து கேசட்டை ஓட்டிக்கொண்டிருந்த அன்புமணிக்கும் சங்கதி விளங்கிவிட்டது. கேபிள் ஒயரைக் கட்டியதால் எந்தத் தென்னையும் காய்க்காமல் போகாது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த கேசட்டால் வேண்டுமானால் போகும்.

கேசட்டில் இருந்தது கொண்டையம்புதூர்க் காலனி மாரியம்மன் நோம்பித் திருவிழா. அன்புமணியின் சொந்தக் காலனி. கம்பம் நட்டு, அதைச் சுற்றி ஆடுகிறார்கள். அவனுடைய அப்பா மாசாணம் நடுவில் நின்று தப்பட்டை அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியில் முதலில் ஊர் நோம்பி, அது முடிந்ததும் காலனி நோம்பி கொஞ்ச நேரம் என்று திருமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். வாரம் முழுக்கத் திரையின் அடியில் எழுத்தும் ஓடிக்கொண்டிருந்தது. காலனியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தினம் இரண்டு தடவை படித்துச் சொன்னார்கள்.

கிணத்துக்கடவில் உரக்கடைக்கு மேல்மாடியில், தொண்ணூற்றிரண்டில், ஒரு குடை ஆன்டெனாவும் ஒரு வீடியோ டெக்குமாகத் திருமூர்த்தி ஆரம்பித்த தொழில் இது. முதலில் பழைய சினிமாதான் போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவை எடுத்துப் போட, மறுநாள் அந்த ஊரே இணைப்புக் கேட்டு வாசலில் வந்து நின்றது. தன் பிள்ளை மேடையில் ஆடுவதற்கு முன்னால் எந்த நடிகன் எம்மாத்திரம்? மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு ஒரு ஊர். அந்த ஊர் நோம்பி, அந்த ஊர்க் கபடி, அந்த ஊர்க் கடைகளின் விளம்பரம். எருமை காணாமல் போயிருந்தால் அதுவும் அடியில் எழுத்தாக ஓடும். எருமை கிடைத்தும் இருக்கிறது. நாலு வருஷத்தில் சரவணம்பட்டியில் ஒரு கன்ட்ரோல் ரூம், தாராபுரத்தில் ஒன்று, பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று ஆகிவிட்டது. 'உங்க ஊரை ஊரறியச் செய்வோம்' என்று போர்டில் எழுதி வைத்ததைத் திருமூர்த்தி உண்மையாகவே நம்பினார். அதில் கள்ளம் கிடையாது.

ஆனால் ஊர் என்பது காற்றில் வராது, ஒயரில்தான் வரவேண்டும். கரண்ட் கம்பத்தில் கட்டினால் லைன்மேன் அறுத்து எறிந்துவிடுவார். மிச்சம் இருப்பது தென்னைமரம். மரத்துக்கு மரம் கட்டி இழுத்துக்கொண்டே போனால் எந்த ஊருக்கும் போய்விடலாம், மரத்துக்காரர் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். கொண்டையம்புதூர்த் தோப்புக்காரர் பொங்கியண்ணன் தலையாட்டியதால் வாய்க்காலுக்கு அப்பால் ஆறு ஊர் கிடைத்தது. அவருடைய மச்சான் தலையாட்டியதால் இன்னும் சில ஊர். தாராபுரத்தில் இடம் பிடித்துக் கொடுத்ததே அவருடைய மாப்பிள்ளைதான். கம்பெனி வளர்ந்த கதையை ஒழுங்காகச் சொன்னால் அது பொங்கியண்ணனின் சொந்தபந்தக் கதையாகத்தான் முடியும்.

அன்புமணி கம்பெனியில் கேமராமேனாகச் சேர்ந்த முதல் வருஷம் கொண்டையம்புதூர் ஊர் நோம்பியை எடுக்கப் போனான். வழக்கம்போல அன்றைக்குத் தப்பட்டை அடித்தது மாசாணமும் அவருடைய ஆட்களும்தான். கோயில் கம்பி வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் யாரோ ஒருவர் மரியாதையாக, ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், அன்புமணியின் தோளிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டார். கேமரா உள்ளே போகலாமாம், அவன் போகக்கூடாதாம். திருமூர்த்தி கையைப் பிசைந்துவிட்டு, கேமராவைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போய் எடுத்தார். மாசாணம் அடித்துக்கொண்டேதான் இதைப் பார்த்தார். அன்றைய அடியை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், இனி ஊருக்கு அடிப்பதில்லை என்றார். காரணம் கேட்டவர்களிடம் கை வலி என்றார். கூட அடித்தவர்களுக்கும் அதே கை வலி வந்துவிட்டது. அன்றிலிருந்து மாசாணத்தின் தப்பட்டை காலனி மாரியம்மனுக்கு மட்டும்தான். ஊர்க்காரர்கள் பல்லடம் பக்கமிருந்து ஆள் கூட்டிவந்து சமாளித்தார்கள்.

அப்பா தன் பொருட்டுச் செய்தது அது என்று அன்புமணிக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பொங்கியண்ணன் படியிறங்கிப் போனார். அப்புறம் திருமூர்த்தி அன்புமணியைக் கூப்பிட்டு, காலனி நோம்பியை ஆடிக்குப் பிறகு தனியாக, நன்றாகப் போட்டுவிடலாம் என்றார். இந்த ஆடியா அடுத்த ஆடியா என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்த ஒயரை அவிழ்த்தால் ஆறு ஊர் டீவியும் வெறும் பெட்டி என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். கோபப்பட்டிருக்கலாம். யார் மேல் படுவது? ஒன்றுமே சொல்லாத மனுசன் மேல் எப்படிக் கோபப்படுவது?

அது அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெளியூர் வேலை முடிந்து அன்புமணி அலுவலகத்துக்கு வந்தபோது, திருமூர்த்தி உற்சாகமாக இருந்தார். ஊர் நோம்பியை இந்த வருஷம் எடுத்தவர் அவர்தான். விளக்குக்கு ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், அவ்வளவு பெரிய ஆள். படம் பளிச்சென்று வந்திருக்கிறது. சத்தம் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஜெனரேட்டர் உறுமல். ஊமைப்படமாகப் போட முடியுமா? அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, டெக்கைத் தட்டிவிட்டார்.

திரையில் ஊர்ப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். பல்லடத்து ஆட்கள் தூரத்தில் தலை தலையாகத் தெரிந்தார்கள். கேட்டது காலனி கேசட்டில் இருந்த மாசாணத்தின் தப்பட்டை.

வேண்டாமுங்க என்றான் அன்புமணி. அப்பா ஊருக்கு அடிப்பதில்லை, அது உங்களுக்கே தெரியுமே என்றான். திருமூர்த்திக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சங்கடப்பட்டார். உங்கள் கொட்டாவது ஊரறியப் போகட்டும், காலனிக்காரர்களுக்கும் ஒரு சந்தோஷம் என்று நினைத்துத்தான் செய்தேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

"சத்தந்தானப்பா. கொட்டுல பேரா எழுதியிருக்குது? யாருக்குத் தெரியப் போவுது?"

"பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க."

"நேரமாயிருச்சு கண்ணு. ரெண்டு காப்பி பஸ்ஸுல ஏத்தி உட்டாச்சு. நா என்ன பண்ணட்டும், சொல்லு."

முன்னால் என்றால் ஒரே அறை, ஒரே டெக். பட்டனை அமுக்கினால் நின்றுவிடும். இப்போது ஒரு கேசட் சரவணம்பட்டி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, இன்னொன்று தாராபுரம் பஸ்ஸில். கேமரா கம்பெனியுடையது, கேசட் கம்பெனியுடையது, அன்றைக்கு அவன் வண்டிக்குப் போட்ட பெட்ரோல்கூடக் கம்பெனியுடையது. கொட்டு மட்டும்தான் அப்பாவுடையது. அதையும் அவனே கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

வீட்டுக்குப் போனதும், நம்ம நோம்பி நாளைக்கு வராதுங்கப்பா என்று மட்டும் சொன்னான். மாசாணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரி, இன்னொரு வாரம் வரட்டும் என்றார். ஊர் நோம்பியும் நம்ம மாரியாத்தா நோம்பிதானே, பார்க்கலாம் என்றார். மீதியைச் சொல்ல அன்புமணிக்கு வாய் வரவில்லை. அம்மா காளியாத்தாள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டீவி அறையில் காலனியே கூடிவிட்டது. வராது என்று அவன் பலரிடம் சொல்லியும், ஒருவேளை வந்துவிட்டால் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். குழந்தைகளுக்குத் தலைவாரிப் பூ வைத்திருந்தார்கள், டீவிக்குள் போகப்போகிறவர்கள் மாதிரி. மாசாணத்தை முன்னால் உட்கார வைத்தார்கள். அன்புமணி கதவோரம் நின்றான்.

மாசாணத்தின் அடியில் ஒரு குறும்பு உண்டு. சுற்று முடிகிற இடத்தில் ஒரு அடியை விழுங்கிவிடுவார். ஆடுகிறவன் கால் தடுமாறப்போகிற நேரத்தில் இரண்டு அடியாகத் திருப்பிக் கொடுப்பார். பத்து மணிக்குத் திரையில் கம்பம் தெரிந்து, அந்த அடி விழுந்ததும், குழந்தைகள்தான் முதலில் கத்தினார்கள். நம்ம கொட்டு, நம்ம கொட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டே முன்னால் நகர்ந்தார்கள். கேமரா திரும்பும், இப்போது திரும்பும் என்று காத்திருந்தார்கள். மாசாணம்கூட, முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்து மறைப்பதுபோல, தலையைச் சாய்த்துத் திரையின் ஓரத்தைப் பார்த்தார். ஊர்ப் பையன்கள் ஆடினார்கள். பொங்கியண்ணன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கோயில் கம்பி வேலி தெரிந்தது. காலனியில் ஒருவர் முகமும் வரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

காளிச்சாமிதான் திரும்பினான். மாசாணத்தோடு சேர்ந்து தப்பட்டையை இறக்கி வைத்தவர்களில் அவனும் ஒருவன். குரலில் கோபம் இல்லை.

"மாமா, நீங்க எப்பங்க போயி அடிச்சீங்க?"

மாசாணம் அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"நா போகலப்பா." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மறுபடியும் சொன்னார். "அடி என்னுதுதா. நா போகல."

அன்புமணி முன்னால் வந்து சொல்லத் தொடங்கினான். படம் வேறு, சத்தம் வேறு, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுவிடலாம், ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்ததால். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பொய் மாதிரி இருந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நம்பியதால் அல்ல, மாசாணத்தின் மகன் என்பதால். அப்பா மட்டும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காளியாத்தாள் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தாள்.

அணைத்தும் நிற்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, பொங்கியண்ணன் தோப்பைத் தாண்டி, கொட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு டீவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. மாசாணம் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விழுங்கிய அடி வரவேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவருடைய தலை மட்டும் லேசாக அசைந்தது.