பூச்சிகளுக்கு ஒரு ரூம்

கரையோரக் கட்டிட வேலையால் கலங்கும் கடலில், கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் எப்படிச் சாகின்றன என்பதுதான் ஜஹானாவின் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் உயிரோடும் இருக்க வேண்டுமே! தெளிந்த கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, சீமெந்தே அண்டாத இடமென்று நம்பி, கெலிஓயாவில் தன் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து வைத்தாள்.

கணவன் ஹபீல் பிலிமத்தலாவையில் சீமெந்துக் கடை வைத்திருப்பது ஏனோ அப்போது அவள் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு கிழமை கொழும்பில் நின்றுவிட்டு வந்து பார்த்தால், விறாந்தையைச் சுற்றிப் புதுச் சுவர் எழும்பியிருந்தது. தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறக் கஞ்சியாகக் கிடந்தது.

"ஒங்கட பூச்சிகளுக்குத் தனி ரூமே கட்டிட்டேன்!" ஹபீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஜஹானா ஒரு சொட்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். அசைவே இல்லை.

"எல்லாத்தையும் மௌத்தாக்கிட்டீங்களே!"

ஹபீல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"முந்தியும் உள்ளுக்கு ஒண்டும் தெரியல்லதானே?"

போன மாதம் கடற்கரையில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த இஞ்சினியரும் அவளிடம் இதையேதான் கேட்டார். அவரை அவள் கல்யாணம் முடித்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.