பறந்து போன கவர்

தம்பிக்காரனுக்கு அச்சகத்தில் வேலை. விசிட்டிங் கார்டு, கடை நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பான். அது போதாதென்று வீடியோ பார்த்துப் பார்த்து இணையப் பக்கம் செய்யவும் தானாகவே கற்றுக்கொண்டான். முதலில் சும்மா நிற்கிற பக்கம். அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் கை வைத்தான். தொட்டால் விரிகிற பட்டியல், போன் நம்பரைத் தப்பாகப் போட்டால் சிவக்கிற கட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. படிப்பு அரைகுறைதான், பந்தா மட்டும் குறைவில்லை. வீட்டில் அவனுக்குப் பெயரே 'கம்ப்யூட்டர்' என்றாகிவிட்டது.

அக்கா நீச்சல் பயிற்சியாளர். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அலுத்துப்போய், தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற பெரியவர்களுக்கென்றே ஒரு வகுப்பு தொடங்க ஆசைப்பட்டாள். ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தை மாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினாள். சாவியும் கைக்கு வந்தது. "ஆள் சேரலைன்னா அந்த நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடுவோம், மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றார்கள் பள்ளிக்கூடத்தில்.

பேர் பதிந்துகொள்ளும் பக்கத்தைத் தம்பி செய்து கொடுத்தான். பேரும் போன் நம்பரும் போட்டுப் பட்டனை அழுத்தினால், விவரம் அக்காவின் போனுக்கு வந்துவிடும். தன் பேரைப் போட்டுச் சோதித்தான், வந்தது. அத்தோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஐயா விடுவாரா?

பட்டனை அழுத்தியதும் ஒரு கவர் மடிந்து, சிறகு முளைத்து, திரையின் மூலை வழியாகப் பறந்து போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. மெனக்கெட்டுச் செய்தான். ஆனால் பட்டனை அழுத்தின மறுநொடி பக்கம் தன்பாட்டுக்குப் புதிதாகத் திறந்துகொண்டது. கவர் பறக்குமுன்னே காணாமல் போனது. வீடியோவில் ஒருவர் வழி சொன்னார். பட்டனை அழுத்தினால் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யாதே என்று பக்கத்துக்கு உத்தரவு போடுகிற ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்தான். ஆகா, கவர் என்னமாய்ப் பறந்தது! பின்னாலேயே "நன்றி, விரைவில் அழைக்கிறோம்" என்று எழுத்தும் வந்தது.

அத்தான் கை தட்டினார். அக்கா நாலு தடவை அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். தன் போனுக்கு எதுவும் வரவில்லையே என்று அவள் கவனிக்கவில்லை; அவனும் பார்க்கவில்லை. ஒரு தடவை சோதித்தாயிற்றே, இன்னும் என்ன?

அதன் பிறகு ஒரு பேர்கூட வரவில்லை.

அக்கா முதலில் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அலமாரி மேல் வைத்தாள். மாசக் கடைசி நெருங்கியபோது, "என்னடா கம்ப்யூட்டர், ஒருத்தருக்குக்கூடவா வேணாம்?" என்று கேட்டாள்.

அவனும் பெரிய மனுஷன் மாதிரி, "ஜனங்களுக்கு இதெல்லாம் பிடிக்கறதில்லக்கா. உன்னைப் பத்தி வெளிய அவ்வளவா தெரியாது வேற. மனசை விட்டுடாத" என்று ஆறுதல் சொன்னான். ஆறுதலாம் ஆறுதல்!

மறுநாள் காலையில் முடிவெட்டிக்கொள்ளப் போனான். கழுத்தில் துணியைக் கட்டி இடது பக்கம் வெட்டி முடித்த கடைக்காரர், பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்க அக்கா நீச்சல் கத்துக் குடுக்கறாங்களாமே தம்பி?"

"ஆமாண்ணே."

"நானும் பேரு குடுத்தேன். வீட்டுக்காரியும் குடுத்தா. எனக்கு முழங்கால் தண்ணின்னாலே உதறும், வெளிய சொன்னா சிரிப்பாங்க. துணிஞ்சு குடுத்தேன். கவரு ஒண்ணு பறந்துச்சு பாரு, அடடா! அப்புறம் ஒரு பதிலும் இல்ல. இந்த வயசுல இவங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க போல. பரவாயில்ல, அவங்களைத் தப்பு சொல்ல முடியுமா?"

தம்பிக்குச் சுரீர் என்றது. அந்த ஒரு வரி கண்முன்னே வந்து நின்றது. வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யாதே. பட்டனுக்கு வழக்கமான வேலை எது? விவரத்தை அனுப்புவது! அதைத்தான் அவன் தன் கையாலேயே நிறுத்தி வைத்திருக்கிறான். கவர் மட்டும் வெறுமையாகப் பறந்துகொண்டிருக்கிறது.

"இதோ வந்துடறேண்ணே" என்று துணியை உருவிப் போட்டுவிட்டு ஓடினான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் காடாகவும் இருந்த தலையைத் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் குளத்தின் சாவி.

"என்னடா இது தலை?"

"சாவியைக் குடுக்காதக்கா. தப்பு என்னோடது." மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னான். நன்றாகத் திட்டு விழும், விழுந்தால் நல்லது என்று நின்றான்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ வந்திருக்காங்களா? நெஜமாவே பேரு குடுத்திருக்காங்களா? யாரு யாருடா?"

"முடிவெட்டற அண்ணனும் அவங்க வீட்டு அக்காவும்."

"வேற?"

"தெரியாதுக்கா. எங்கயும் சேமிக்கல. அழுத்தினதும் அழிஞ்சு போச்சு."

"பத்துப் பேரு இருக்குமா?"

"தெரியாதுக்கா."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "சாயந்தரம் அந்தக் குளத்தங்கரையில போய் ஒத்தையா நின்னேன்டா. என் மூஞ்சியைப் பார்த்து எவனும் வரமாட்டான்னு நெனச்சுக்கிட்டேன். நீயும் அதைத்தானே சொன்னே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியை அழித்தான். கவரையும் அழித்தான். ஏற்கெனவே பேர் கொடுத்தவர்கள் தயவுசெய்து மறுபடி கொடுக்கவேண்டும், பக்கம் செய்தவனின் தவறு என்று மேலே பெரிதாக எழுதினான். அக்கா தன் பேரையே போட்டுப் பட்டனை அழுத்தினாள். பக்கம் அசிங்கமாக ஒரு தரம் வெட்டிவிட்டு நின்றது.

"போச்சாடா?"

எப்போதும் போல "போச்சுக்கா" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான். "தெரியல. உன் போனைப் பாரு."

அலமாரி மேலிருந்த போன் மணியடித்தது. அவள் எடுத்து இரண்டு தடவை படித்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

"பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கறேன். நீ போய் அந்த அண்ணன்கிட்ட நேர்ல சொல்லு" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையில் அவனுடைய நாற்காலி காலியாகவே இருந்தது. உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கவரைப் பறக்க விட்டதையும், அதற்காக எல்லாருடைய பேரையும் தொலைத்ததையும் சொன்னான். காத்திருந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் கத்தரியோடு நின்றார். கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அவங்க எங்களை வேணாம்னு சொல்லலையா தம்பி?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

எதிரே கண்ணாடியில் கடைக்காரரின் முகம் தெரிந்தது. அதற்கு மேல் பார்க்க அவனால் முடியவில்லை. தலை தானாகவே தொங்கிப் போயிற்று.

"குனியாத தம்பி, நிமிந்து உக்காரு" என்று தாடையைப் பிடித்துத் தூக்கினார் அவர். "வெட்டு கோணலாயிடும்."