கல் மாடு கறக்கிற பால்

திம்மப்பனின் பசு கல்லாகி மூன்று வருஷமாகிறது. இன்னும் இரண்டு வேளையும் கறக்கிறது. பர்கூர் ரோட்டில் போகிறவர்கள் யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. கல்குவாரி ஆள் ஒருத்தன் மட்டும் வந்து முதுகைத் தட்டிப் பார்த்து, நல்ல சாம்பல் ரகம், பாளம் அறுக்கலாம் என்றான். சினையாயிருக்குது, போடா என்று திம்மப்பன் துரத்திவிட்டான்.

எல்லாம் தண்ணீரால் வந்தது. அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும், வயசாக ஆக முட்டி மடங்காது. திம்மப்பன் பெண்சாதி முனிலட்சுமி நின்றுகொண்டே சமைத்தாள், நின்றுகொண்டே அழுதாள். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று சுத்திகரிப்பு மெஷின் வைத்தபோது திம்மப்பன் நம்பவில்லை. ஆனாலும் அவள் முட்டிக்காக வரிசையில் நின்று குடம் பிடித்தான். வேறு தண்ணீர் அவள் வாயில் படவிடவில்லை. மெஷினோ ஒரு குடம் கொடுத்தால் ஒரு குடத்தைப் பின்குழாயில் கழித்துவிடும். பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. ஓஸ் போட்டு அதை மாட்டுத் தொட்டிக்குத் திருப்பினான்.

"பெரியவரே, பிரிச்செடுத்த விஷமெல்லாம் அதுலதான் கெடக்கு," என்றான் மெஷின் பார்க்கிற மதுரைக்காரன் பாலாஜி.

"உங்க ஊரு ஆத்துல தண்ணியே இல்ல, நீ எனக்குத் தண்ணி சொல்றியா? கண்ணாடியாட்டம் இருக்குது. நல்லதைப் பின்னால வுட்டு எவனுக்கோ விக்கப் பாக்கறீங்க."

மாடு குளம்பிலிருந்து கல்லானது. கடைசியில் அசைபோட்ட வாய் அப்படியே நின்றது. பால் மட்டும் முன்னைவிடக் கெட்டி. உடம்பு தேறட்டும் என்று அதையும் முனிலட்சுமிக்கே வேளைக்கொரு சொம்பு கொடுத்தான். அடுத்த ஆடிக்குள் அவள் இடுப்புவரை கல். பாலைப் பற்றிக் கேள்விப்பட்ட பாலாஜி தலையில் கை வைத்தான். திம்மப்பன் அன்றைக்குக் கறக்கவில்லை. மடி கனத்து, கல் மாடு ராத்திரியெல்லாம் கத்தியது.

"இனிமே நிறுத்தி என்னத்துக்கு," என்றாள் முனிலட்சுமி. "போயிக் கறங்க, பாவம்."

மெஷினும் அந்த வருஷமே நின்றது. சரிபண்ண ஒருத்தனும் வரவில்லை, பாலாஜிக்கும் வேலை போனது. வீட்டுத் தரை கனம் தாங்காததால் முனிலட்சுமியைக் கொட்டாயில் மாட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான். கழுத்துக்கு மேல் பேச்சு இருக்கிறது. கறந்ததில் பாதி அவளுக்கு. மீதியை இப்போது அவனே குடிக்கிறான். வலது முட்டி மடங்குவதில்லை. பானையைத் திட்டின்மேல் வைத்து நின்றே கறக்கிறான்.

"ஏங்க, அங்க மதியத்துல வெயில் அடிக்கும்," என்கிறாள் முனிலட்சுமி. "இப்பிடி எம் பக்கமா நின்னுக்குங்க."

அவன் நகர்ந்து நின்றுகொண்டான்.